குவைத் லாத்தா

என் உம்மா நஜ்முன்னிசா பிள்ளை பெறாதவளாகத்தான் குவைத்துக்குப் போனாள். ஏஜெண்ட் ஜெயினுலாப்தீன் ஃபாரத்தில் அப்படித்தான் எழுதினார். பிள்ளைக்காரி என்றால் நினைத்து நினைத்து அழுவாளாம், பாதியிலேயே ஊருக்குக் கிளம்புவாளாம், அதனால் அங்கே வீட்டு வேலைக்கு எடுக்க மாட்டார்களாம். வாப்பா மவுத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தாராவியில் தோல் பட்டறைக் கூலியை வைத்து உம்மாவால் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆள் பேனாவால் ஒரு கோடு இழுத்தார், நானும் தங்கச்சி அக்தர் பானுவும் இல்லாமல் போனோம். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

உம்மாவின் தங்கை சைனப் சாச்சி வீட்டில் எங்களை விட்டுவிட்டுப் போனாள். அப்போது எனக்குப் பதினொரு வயது, பானுவுக்கு மூன்று. பதினாலு மாதம் கழித்து, எண்பத்து நாலாம் வருஷம் நோன்புக் காலத்தில் உம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அன்புத் தங்கைகளுக்கு" என்று ஆரம்பித்திருந்தது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். படித்து முடிப்பதற்குள் சாச்சி நாலு தடவை அதட்டிவிட்டாள்.

பெருநாளைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, கரீம் பாட்சாவின் தோல் கிடங்குக்கு உம்மா போன் பண்ணுவாள். அவள் வேலை பார்க்கும் வீட்டு மேடம் பக்கத்திலேயே நிற்பாள். நாங்கள் இரண்டு பேரும் உம்மாவை லாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும்.

லாத்தா என்றால் அக்கா. எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம்களை விட்டால் அது யாருக்கும் விளங்காது. உம்மா என்ற சொல் அப்படியில்லை. அரபிகளும் தாயை ஏறக்குறைய அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். போதாக்குறைக்கு அந்த வீட்டு டிரைவர் மலையாளத்து முஸ்லிம், அவன் வீட்டிலும் உம்மாதான். பானு வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் போதும், பொய் சொல்லி வந்தவள் என்று உம்மாவைத் துரத்திவிடுவார்கள்.

பானுவைப் பழக்க எனக்கு எட்டு நாள் இருந்தது.

"போன்ல யாருளா பேசுவா?"

"உம்மா."

தொடையில் ஒரு கிள்ளு. மெதுவாகக் கிள்ளினேன் என்று சொன்னால் அது பொய். சோறு தின்னும்போது கேட்டேன், தலை சீவும்போது கேட்டேன். "உம்மாட்ட என்ன வாங்கிட்டு வரச் சொல்லுவ?" என்று நைசாகத் தூண்டில் போடுவேன். "உம்மா, எனக்குப் பாவாடை" என்று அவள் ஆசையாக ஆரம்பித்ததும் கிள்ளுவேன்.

"வீட்டுல லாத்தா நீதான?" என்றாள் அழுதுகொண்டே.

"நானும் லாத்தாதான். அவ குவைத் லாத்தா."

புதன்கிழமைக்குள் பாடம் ஏறிவிட்டது. நான் உம்மா என்று வாயெடுத்தாலே கையால் தொடையை மூடிக்கொண்டு, "உம்மா இல்ல, லாத்தா" என்றாள். அப்போதும் எனக்குப் பயம் போகவில்லை. பச்சைப் பிள்ளையை எவ்வளவு நம்புவது?

வெள்ளிக்கிழமை பேய்மழை. சந்தில் கணுக்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர். பானுவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாச்சியோடு மூன்று மணிக்கே கிடங்குக்குப் போய்விட்டேன். நாலு அடித்தது. போன் வாய் திறக்கவில்லை. "பாரிஷ்ல லைன் டெட் ஆயிருக்கும்" என்று மழையைக் காட்டினார் கரீம் பாட்சா. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, லைன் இருக்கிறது என்று தலையாட்டினார். மேடத்துக்குத் தெரிந்துவிட்டதோ, உம்மாவை அடித்துவிட்டார்களோ என்று கண்டதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். நாலே முக்காலுக்கு மணி அடித்தது.

"ஜல்தி வாளா, குவைத்து!" என்று ரிசீவரை நீட்டினார் கரீம் பாட்சா.

"லாத்தா, நான் நூர் நிஷா பேசுதேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"நல்லா இருக்கியா தங்கச்சி?" என்றாள் உம்மா. பின்னால் ஒரு பெண் அரபியில் என்னவோ சொல்வது கேட்டது. ரிசீவரைப் பானு காதில் வைத்து, நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், லாத்தா. எனக்குப் பாவாடை வேணும், லாத்தா" என்றாள் பானு. ஒரு பிசகு இல்லை. எனக்கு உயிர் வந்தது.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் தள்ளிப் போவது கேட்டது. பிறகு உம்மாவின் குரல் தணிந்து வந்தது.

"நூரு, மேடம் உள்ள போயிட்டாவ. டிரைவரும் இல்ல. பானுவ ஒரே ஒரு தடவ உம்மான்னு கூப்பிடச் சொல்லு. சீக்கிரம்ளா."

"பானு, உம்மான்னு கூப்பிடு" என்றேன்.

பானு என் விரல்களைப் பார்த்தாள். அவள் கை தொடையை மூடியது.

"லாத்தா."

"கிள்ள மாட்டேன், கூப்பிடு."

"லாத்தா!" என்று கிடங்கே அதிரக் கத்தினாள்.

சாச்சியும் கெஞ்சிப் பார்த்தாள். பானு உதட்டை இறுக்கிக்கொண்டாள். போனில் உம்மா அழுவது கேட்டது. மறுபடியும் அரபிக் குரல் நெருங்கி வந்தது.

"சரி தங்கச்சி, வைக்கேன்" என்றாள் உம்மா. லைன் போய்விட்டது.

வெளியே மழை விட்டிருந்தது. பானு என் இடுப்பில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, "ஒரு தடவகூட தப்பா சொல்லல, பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"குவைத் லாத்தா ஏன் அழுதாவ?"

"அது லாத்தா இல்லளா. உம்மா. நம்ம உம்மாதான்."

பானு சிரித்தாள். "ஏமாத்துத. லாத்தாதான்."

"அல்லா மேல ஆணையா உம்மாதான்."

சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தாள். ஆணை என்றால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பம் ஏன் என்னக் கிள்ளுன?"

சாச்சி என்னைப் பார்த்தாள். பானுவை இறக்கிவிடவும் முடியாமல், தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாமல், அந்தத் தண்ணீரிலேயே நின்று ஓவென்று அழுதேன்.