கொப்புளமில்லாத அம்மை

தாணுவுக்குக் காய்ச்சலும் உடம்பெங்கும் சிவந்த புள்ளிகளும் கண்ட உடனே, அவன் அம்மா பார்வதியம்மாள் வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் தள்ளிப் படுக்க வேண்டும். சில நாளில் எல்லாம் வடிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று சாயங்காலமே தாணு பாயைத் தூக்கிக்கொண்டு மனைவி விஜயத்தின் அறைக்கு வந்தான்.

அவள் வழிவிடவில்லை.

"இது அம்மை இல்ல. பிள்ளையளுக்கு வந்தப்ப தண்ணி கோத்துக் கொப்புளம் வந்துது, பொருக்கு தட்டிச்சு. உங்களுக்கு வந்தது தட்டையாப் பொட்டு. தொண்டையில புண்ணு, கழுத்துல நெறி கட்டிச்சு. போன லோடுக்குப் போனப்ப எங்க தங்கினீங்க?"

ஆரியசாலைச் சந்தைக்கு வற்றல் மிளகாய் லாரி ஓட்டும் தாணு தலை குனிந்தான்.

"ஏட்டி, ஆத்தாளையே சந்தேகப்படுதியா?" பார்வதியம்மாள் சீறினாள்.

"ஆத்தாள இல்ல அத்தே, உங்க மவனத்தான்."

மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்தது.

"கேட்டியா? ஒரு கொழப்பமும் இல்ல!" தாணு துள்ளினான்.

விஜயம் நகரவில்லை. பரிசோதனை எப்படி நடக்கிறது என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் விளக்கினார். கிருமி நுழைந்த சில வாரத்தில் உடம்பு அதனோடு மோதும். அந்தக் கலவரமே சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் நெறியுமாகத் தெரியும். வேறு காய்ச்சல்களும் அப்படியே இருக்கும் என்பதால், பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கலவரம் தானே அடங்கும்; கிருமி போகாது. இந்தப் பரிசோதனையோ கிருமியைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. அது கண்ணில் படுமளவு ரத்தத்தில் சேர மூன்று மாதம்கூட ஆகலாம்.

"அப்போ இது 'இல்ல'ன்னு அர்த்தமில்ல. 'இன்னும் தெரியல', அல்லே?" என்றாள். டாக்டர் ஆமென்று தலையசைத்தார்.

வராந்தாவில் தாணு குரலைத் தாழ்த்தினான். "மூணு மாசம் என்னத் தள்ளிப் படுக்க வச்சா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். எனக்கு வந்தா ஊரா மருந்து திங்கும்?"

"நான் திரும்ப ரத்தம் குடுக்க வரலேன்னா?"

"நான் வருவேன். நீங்க வாறது வரைக்கும் பாய் அத்தை பக்கத்துலதான்."

அவன் பதிலுக்குக் காத்திராமல் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். "மூணு மாசம் கழிச்சு ஒரு தேதி தாங்க சார். ரெண்டு பேருக்கு," என்றாள், வரிசை முழுவதும் கேட்கும்படி.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தாணு அவள் பக்கத்தில் வந்து நின்று, தன் பெயரைத் தானே சொன்னான்.