கடைசி விலை

பாதி நாடகம் வரை காதலும் கும்மாளமும்தான். நாயகனுக்கும் காதலிக்கும் தூது போகும் நண்பன், காதலியின் அண்ணன் கையால் குத்துப்பட்டுச் சாவான். அந்த ஒரு காட்சியில்தான் கதை சோகத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு பழி, கொலை, கடைசியில் காதலர் பிணங்கள்.

ஆனால் நண்பனாக நடித்தவர் கோமாளி வேஷத்தில் பேர்போனவர். 'சோடா' என்றுதான் குழுவே கூப்பிடும். முதல் இரண்டு ஆட்டத்திலும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசைத் தொப்பைக்காரர் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார். அதன்பின் காதலர்கள் செத்தபோதும் இருமல்தான் கேட்டது.

"அண்ணே, இன்னைக்கும் சிரிச்சாங்கன்னா வேஷம் வேற ஆளுக்கு" என்றார் இயக்குநர்.

"இத்தனை வருஷமா சிரிக்க வைன்னீங்க. இப்ப சிரிச்சா குத்தமா தம்பி?"

"சிரிப்பை நிறுத்தத் தெரியுதான்னுதான் கேக்கறேன்."

ஒப்பனை அறையில், குழுவுக்கு உடை தைக்கும் அவர் மனைவி, சட்டைக்குள் ரத்தச் சாயப்பையைக் கட்டினாள்.

"கொஞ்சம் முனகிப் பாருங்களேன்."

"அதுக்கும் சிரிப்பாங்க." சோடா கண்ணாடியையே பார்த்தார். "அப்பா எப்படிப் போனார்னு உனக்குச் சொன்னதில்லையே."

அப்பாவுக்குத் துணிக்கடை. பேரத்தில் எமகாதகர். பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டு துணியைத் தடவுவார். வந்தவர் பொறுக்காமல் தானே விலையில் ஏறி வருவார். அன்றும் "கடைசி விலை சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று ஆரம்பித்து நிறுத்தினார். வந்தவர் ஒரு படி ஏறினார். பதிலில்லை. இன்னும் ஏறினார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகன், ஆளுக்கு இன்றைக்கு மொட்டைதான் என்று உள்ளூரச் சிரித்தான். துணிச்சுருள் உருண்டு தரையில் விழுந்தது. அப்பா கை நீட்டவில்லை.

சாயப்பையின் முடிச்சில் மனைவியின் விரல் நின்றது. "மாமாவை மேடையில ஏத்தப் போறீங்களா? வேணாங்க."

"அவருக்கும் கூட்டம்னா பிடிக்கும்."

அன்று குத்துப்பட்ட சோடா சரியவில்லை. நாயகன் தோளைப் பிடித்துக்கொண்டு, குத்தியவனைப் பார்த்து, "கத்தி நல்லாருக்கே, என்ன விலை?" என்றார். அரங்கம் அதிர்ந்தது. "அவ்வளவெல்லாம் கட்டாது. என் கடைசி விலையைச் சொல்றேன், கேட்டுக்கோங்க..."

நிறுத்தினார்.

சிரிப்பு மிச்சமிருந்தது, காத்திருந்தது. "சொல்லுய்யா!" என்றார் தொப்பைக்காரர். சிலர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். சோடாவின் கை நாயகன் தோளிலிருந்து மெல்ல வழுக்கி விழுந்தது. தொப்பைக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

நாயகன் கத்தியைப் பொறுக்கியபோது, இருட்டிலிருந்து ஒரு பெண்குரல் "வேண்டாம்பா" என்றது. அதன்பின் காதலர் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அரங்கம் மூச்சடக்கிக் கிடந்தது.

திரைக்குப் பின்னே இயக்குநர் ஓடிவந்தார். "அண்ணே! நாளைக்கும் நீங்கதான்!"

சோடா மடியில் கிடந்த உடையைத் தடவிக்கொண்டே இருந்தார். மனைவி பதறி அவர் தோளை உலுக்கினாள். "ஏங்க! ஏதாவது பேசுங்க!"

"இருக்கேன்" என்றார் சோடா. "நாளைக்கும் அப்பாவைக் கூட்டிட்டு வரணுமே, அதான் யோசிக்கிறேன்."