டீசலுக்கு ஊற்றிய மருந்து

பெரியவரும் சின்னவனும் ஒரே லாரிக்குச் சொந்தக்காரர்கள். ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுகிற அண்ணன் தம்பி. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அதற்காக வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. நடுவில் அண்ணி நிற்க வேண்டும், அவ்வளவுதான். பின் டயரில் காற்று குறைகிறது என்று பெரியவர் மனைவியைப் பார்த்துச் சொல்வார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் சின்னவன் காது கேளாதவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணி திருப்பிச் சொன்ன பிறகுதான் டயரைத் தட்டிப் பார்க்கப் போவான். எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குத் தந்தியம்மா என்று பெயர் வைத்திருந்தார். "தந்தியம்மா, இன்னைக்குப் போர் உண்டா, ஓய்வா?" என்று கேட்காமல் அவர் கடை திறப்பதில்லை.

சண்டை மூண்டது ஒரு பாட்டிலால். டீசலில் கலக்கும் மருந்து. புகை குறையும், இழுவை கூடும், இன்ஜின் புதுசு மாதிரி ஓடும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லி, சின்னவன் வாங்கி வந்தான். பெரியவர் இடுப்பு விட்டுப்போனதிலிருந்து ஸ்டியரிங்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஸ்பேனரை மட்டும் விடாமல் வைத்திருப்பவர். நல்ல பங்க்கில் டீசல் போடு, வேளாவேளைக்கு ஃபில்டரை மாற்று, டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிடு. இதற்கு மேல் மருந்து எதற்கு என்பது அவர் கட்சி. கட்சியோடு நின்றிருக்கலாம். தெருவே பார்க்கப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். அன்றைக்கு முறிந்த பேச்சு பிறகு ஒட்டவில்லை.

யார் சொல்வது சரி என்று அண்ணிக்குத் தெரியாது. சின்னவன் அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாக ஊற்றித்தான் வந்தான். முற்றத்துக் கொடியில் காயும் துணியில் கரி படிவது கொஞ்சம் குறைந்திருந்தது. அதைப் பெரியவரிடம் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

தந்தி அடிப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பெரியவர் வாயிலிருந்து முள்ளில்லாமல் எதுவும் வராது. சின்னவனுக்கும் நாக்கு நீளம். அவள் முள்ளை எல்லாம் சீவி எறிந்துவிட்டுச் சதையை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பாள். 'அந்தத் தடியன் பிரேக்கை மிதிச்சே வண்டியத் தின்னுடுவான்' என்பது, 'பிரேக்க கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னார்' என்று ஆகிவிடும். அந்த வீடு இரண்டாக உடையாமல் இருந்தது அந்தச் சீவலால்தான். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமையும் இருந்தது.

அன்று காலை மலைமேல் சிமெண்ட் மூட்டை இறக்க வேண்டியிருந்தது. தூறல் விட்டபாடில்லை. சின்னவன் கடையிலிருந்து வேறொரு பாட்டில் கொண்டு வந்திருந்தான். பழைய மருந்தை விடக் காட்டமானது, டேங்கையே கழுவி எடுத்துவிடும் என்று அவளிடம் பெருமையடித்துவிட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் டேங்கில் கவிழ்த்தான். சமையலறை ஜன்னலிலிருந்து பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மடையன்கிட்ட போய்ச் சொல்லு. இத ஊத்திட்டு மலை ஏறினான்னா பாதியிலயே சாவான்."

அண்ணிக்கு அது சாபமாகவே கேட்டது. பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த வயதிலிருந்து அவள் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. வண்டியேறுகிற நேரத்தில் இப்படி ஒரு வார்த்தையா? தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள்.

"என்னவாம் அண்ணி, உங்க வீட்டுக்காரருக்கு?" என்றான் சின்னவன், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி.

"பார்த்துப் போகச் சொன்னார்."

அவன் நம்பாமல் சிரித்தான். பிறகு, நம்ப ஆசைப்பட்டவன் போல, சிரிப்பை நிறுத்தினான். "சரின்னு சொல்லுங்க" என்று வண்டியை எடுத்தான்.

மதியம் ஜன்னல் திட்டைத் துடைக்கப் போனபோதுதான், பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம் அவள் கையில் தட்டியது. பிரித்தால் புத்தம் புது டீசல் ஃபில்டர். இது இங்கே ஏன் கிடக்கிறது என்று பெரியவரைக் கேட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். "அவன் எடுத்துட்டுப் போகலையா? போகாதேன்னு சொல்லியும் போறவன், ஃபில்டரையாவது வந்து கேப்பான்னு எடுத்து வச்சேன்."

"எதுக்குக் கேக்கணும்?"

"அதான் சொல்லி விட்டேனே."

அவள் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. "நான் அதைச் சொல்லலைங்க."

"பின்ன என்னத்தைச் சொன்ன?"

அவள் சொன்னாள். பெரியவர் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். திட்டுவார் என்று நின்றாள். அவரோ யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"இத்தனை நாளும் நான் சொன்னதுல எதையாவது சொன்னபடி சொல்லியிருக்கியா நீ?"

பிறகு அவரே நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். டேங்கின் அடியில் எத்தனையோ வருஷத்துக் கசடு உறைந்து கிடக்கிறது. கிடக்கிற வரைக்கும் அதனால் தொல்லையில்லை. காட்டமான மருந்து அதைக் கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பிய சேறு நேராகப் போய் ஃபில்டரை அடைக்கும். சமதளத்தில் அடைத்தால் ஓரங்கட்டி மாற்றிக்கொள்ளலாம். பாரத்தோடு ஏற்றத்தில் அடைத்தால் இன்ஜின் செத்துவிடும். இன்ஜின் செத்தால், காற்றழுத்தத்தில் பிடிக்கிற பிரேக்குக்குக் காற்று ஏறாது. இருக்கிற காற்றும் மிதிக்க மிதிக்கத் தீர்ந்துவிடும். அந்த வண்டியில் கை பிரேக் என்பது பேருக்குத்தான்.

அவர் சொன்னது சாபமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டிக்கு என்ன ஆகும் என்பதைத்தான், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், அவர் சொல்லியிருக்கிறார்.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டாள். பெரியவர் எழுந்து கை கழுவினார், கழுவிய கையையே மறுபடியும் கழுவினார். எதிர்க்கடைக்காரர் வழக்கம்போல ஏதோ கேலியாகக் கேட்க வாயெடுத்தவர், ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டயருக்குத் திரும்பிக்கொண்டார்.

கையிலிருந்த போன் தானாகவே அடித்தது.

"அண்ணி." மழைச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் சின்னதாக இருந்தது. "வண்டி இழுக்கலை. விக்கி விக்கி நின்னு போச்சு. மேல் வளைவுல நிக்கிறேன். பிரேக்குல கால வச்சுக்கிட்டு இருக்கேன். கால எடுக்க முடியலை."

அவள் கணவனைப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. பழக்கதோஷம், அவளைப் பார்த்தே சொல்லத் தொடங்கினார். "அவன்கிட்ட சொல்லு, மொதல்ல கியர்ல..."

அண்ணி போனை நீட்டினாள். "இத நான் சொல்ல மாட்டேன். என் வாய்க்கு வந்தா மாறிப்போயிடும். நீங்களே சொல்லுங்க."

அவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"டேய்" என்றார் கடைசியில்.

அந்தப் பக்கம் மழை மட்டும் பெய்தது. பிறகு, "சொல்லுண்ணே."

"மொத கியர்ல போடு. ஸ்டியரிங்க மலைப் பக்கம் ஒடி, பின்னால உருண்டா மலையில முட்டி நிக்கும். கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் ஒடி. ஒடிச்சிட்டு இறங்கிடு. முட்டுக் கொடுக்கக் கல்லு தேடாத, சக்கரத்துக்கிட்டப் போகாத. எட்டக் குதி."

"வண்டி போயிடும்ணே."

"போகட்டும்டா. நீ இறங்கு."

அதன் பிறகு அவர் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். போனிலிருந்து இரும்பு உரசுகிற மாதிரி ஒரு நீளமான சத்தம் அவளுக்கே கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

"என்ன ஆச்சு? என்ன சொல்றான்?"

"இறங்கிட்டான்" என்றார்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். காலையில் தூறலில் நின்றுகொண்டு 'பார்த்துப் போகச் சொன்னார்' என்று அவள் சொன்ன குரல் அது. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

மூச்சு வாங்கியது. அவன் மூச்சுதான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணி, எனக்கு ஒண்ணுமில்லை. முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஸ்டியரிங் முழுசா ஒடியலை அண்ணி. வண்டி பின்னாலயே இறங்கிடுச்சு. கீழ் வளைவுல மூட்டத்துக்குள்ள ஒரு வண்டி லைட் ஏறி வந்துக்கிட்டு இருந்துது. இப்ப அந்த லைட்டக் காணோம். அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாதீங்க."

பெரியவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சீவுவதற்கு வார்த்தைகள் தாமாகவே அவள் நாக்கில் வந்து நின்றன. அவற்றை விழுங்கினாள். பிறகு, முட்டிச் சிராய்ப்பிலிருந்து காணாமல்போன வெளிச்சம் வரைக்கும், அவன் சொன்னது சொன்னபடியே சொன்னாள்.