பூட்டுக்காரரின் நன்னடத்தை

பூட்டுக்காரர் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து, குடியேற்ற அலுவலகத்தின் இணையதளத்துக்குள் போய், தன் விண்ணப்ப எண்ணைத் தட்டுவார். 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். பிறகு மாமியாரின் எண்ணைத் தட்டுவார். 'அனுமதிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வரும். மாமியாருக்கு அனுமதி வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது, அதை ஏன் இன்னும் தினம் பார்க்கிறார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் ஒருவருக்காவது பச்சையாக இருக்கிறதே என்ற அற்ப ஆறுதல்தான்.

அவர் மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. கிளம்பும்போது வயிற்றில் பிள்ளை. "நீங்க தைரியமா போங்க, உங்க வீட்டுக்காரரும் அம்மாவும் பின்னாடியே வந்துடுவாங்க" என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னார். அப்படிச் சொன்ன ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. குழந்தை அங்கே பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் செய்கிறது. அத்தனையையும் பூட்டுக்காரர் உள்ளங்கை அகலத் திரையில்தான் பார்த்தார். பெற்ற மகளை ஒரு தடவைகூட அவர் தூக்கியதில்லை. சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால், குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கு அந்த வழியும் கிடையாதாம்.

எல்லாம் ஒரே ஒரு தாளுக்காக நின்றது. போலீஸ் தரவேண்டிய நன்னடத்தைச் சான்றிதழ். மாமியாருடையது கேட்ட சூட்டோடு வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? அந்த அம்மாள் வாழ்நாளில் யாரிடமும் சண்டை போட்டதில்லை, மருமகனைத் தவிர. பூட்டுக்காரருடையதுதான் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்த பிறகு, ஒருநாள் இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஆள் ஆஜானுபாகு, குரல் மட்டும் தாலாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும்.

"உங்க கைரேகையைக் கம்ப்யூட்டர்ல போட்டோம். நிக்காம ஓடுது."

"என்ன சார் ஓடுது?"

"கேஸ் கேஸா ஓடுது. இந்த ஏரியால திருடு போன வீடுகள்ல பாதி வீட்டுக் கதவுல உங்க கை இருக்கு."

உண்மை தெரிந்தவருக்கு என்ன பயம்? பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்கத்தான் சார் செய்யும். கதவு உடைஞ்சு கெடந்தா வீட்டுக்காரங்களுக்குப் பயமா இருக்காதா? உடனே எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. நான் போய்ப் பழசைக் கழட்டிட்டு, புதுப் பூட்டு போட்டுக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"அது திருடு போனதுக்கு அப்புறம். நாங்க ரேகை எடுத்தப்ப உங்க ரேகை எப்படி அங்க இருந்துச்சு?"

பூட்டுக்காரர் கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னார்: "நீங்க அதுக்கும் அப்புறம்தானே சார் வருவீங்க."

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். இவர் திருடன் இல்லை என்பது அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஆனால் சான்றிதழ் தரவேண்டுமானால் கைரேகைக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம், போலீசுக்கு முன்பே பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிடுகிறார் என்பது. அதை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினால், பிறகு யாருடைய நன்னடத்தையைப் பரிசீலிப்பார்கள் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"வேற ஏதாவது காரணம் கிடைக்குதான்னு பாக்கறேன்" என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். "அதுவரைக்கும் கண்ட கதவுல கை வைக்காதீங்க."

பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் கதவில் கை வைக்காதே என்பது, மீனிடம் நனையாதே என்பது போலத்தான். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னார். மாமியார் கொஞ்சம்கூடத் தயங்காமல் பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையைக் கழற்றி நீட்டினார்.

"இதைப் போட்டுக்கிட்டு வேலை பாருங்க மாப்பிள்ளை. ரேகையும் படாது, கையும் அழுக்காகாது."

கையுறை இளஞ்சிவப்பு. முழங்கை வரைக்கும் வந்தது. மறுநாளே ஒரு வீட்டு வாசலில் குனிந்து உட்கார்ந்து, கம்பியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தவரை ரோந்துக்கு வந்த கான்ஸ்டபிள் பார்த்துவிட்டார். கதவு அவருடையதில்லை, சாவியும் கையில் இல்லை, கையில் இருந்தது கையுறை. கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினார்கள்.

"கையுறை எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கைரேகை படக்கூடாதுன்னுதான் சார்."

கான்ஸ்டபிள் பெருமையோடு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் சர்வீஸில் இப்படி ஒரு வாக்குமூலம் அடிக்காமல் கிடைத்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். சாவியைத் தொலைத்த வீட்டுக்கார அம்மாள் ஸ்டேஷனுக்கே வந்து, 'என் பூட்டுக்காரரை விடுங்க, நான் இன்னும் தெருவுல நிக்கறேன்' என்று சத்தம் போட்ட பிறகுதான் அவரை விட்டார்கள். கையுறை மறுபடி பாத்திரத்துக்கே போனது.

இதற்கு நடுவே மாமியார் செய்த அட்டகாசம் தனி. அனுமதி வந்தும் அந்த அம்மாள் விமானம் ஏறவில்லை. முதலில் முழங்கால் வலி என்றார். பிறகு அங்கே குளிர்காலம் என்றார். குளிர்காலம் முடிந்ததும் கோடை ஒத்துக்கொள்ளாது என்றார். இரண்டும் இல்லாத ஒரு மாதத்தில், விமானத்தில் ஜன்னலைத் திறக்க முடியாதாமே, எனக்கு மூச்சு முட்டும் என்றார். பூட்டுக்காரருக்கு எரிச்சலாக வந்தது. எழுபதைத் தொடும் மனுஷியிடம் எரிந்து விழவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அம்மாவோட பர்மிட் இந்த மாசக் கடைசியோட முடியுது. அவங்களையாவது ஏத்தி விடுங்க. நான் டியூட்டிக்குப் போறப்ப பாப்பாவைப் பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போறேன். அது கதவைப் பாத்து அழுதுக்கிட்டே இருக்காம்."

போனை வைத்ததும் பூட்டுக்காரர் மாமியார் எதிரே போய் நின்றார். "அத்தை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நீங்களாவது போங்க. என் கதை எப்ப முடியுமோ தெரியல."

மாமியார் மூக்கை உறிஞ்சிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் பூட்டுக்காரர் வேலையில் இருக்கும்போது மாமியாரிடமிருந்து போன். "மாப்பிள்ளை, நம்ம வீட்ல திருடன் பூந்துட்டான். போலீசுக்குச் சொல்லிட்டேன். நீங்க வந்து எதையும் தொட்டுத் தொலைச்சிடாதீங்க."

வீடு திருட்டுப் போனவர் குரலில் அத்தனை உற்சாகம் இருக்கக் கூடாது. அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை, போட்டது போட்டபடி ஓடினார். வாசலில் ஜீப் நின்றது. ஸ்டேஷனில் இவர் அன்று சொன்னது சுருக்கென்று தைத்ததோ என்னவோ, இப்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் திருட்டு என்று காதில் விழுந்தாலே பறந்து வந்துவிடுகிறார். இந்த ஊர்ச் சரித்திரத்திலேயே முதல் தடவையாகப் பூட்டுக்காரருக்கு முன்னால் போலீஸ் வந்திருந்தது.

உள்ளே பீரோ திறந்து கிடந்தது. துணிகள் தரையில். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்த பெரிய பெட்டியைக் காணவில்லை. மாமியார் நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தானையில் ஈரம் இல்லை.

"எதிர்வீடு வரைக்கும் போயிட்டு வந்தேன் சார். பூட்டிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா இப்படி. பாருங்க, என் மாப்பிள்ளை வீட்லயே திருட்டு. பாவம், திருடனுக்கும் இவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லைன்னு இப்பவாவது எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் வாசலில் கிடந்த பூட்டைக் கைக்குட்டையால் எடுத்தார். உடம்பெல்லாம் சுத்தியல் அடி. "மட்டமான பூட்டு. ரெண்டு தட்டுல விட்டுருச்சு" என்றார்.

பூட்டுக்காரருக்குக் காது மடல் சிவந்தது. சான்றிதழ் வராததைப் பொறுத்தார், ஜீப்பில் ஏற்றியதைப் பொறுத்தார். இதைப் பொறுக்க முடியவில்லை.

"மட்டமா? சார், அது என் கையால தேர்ந்தெடுத்துப் போட்டது. அதை எவனாலயும் உடைக்க முடியாது."

"மாப்பிள்ளை, சும்மா இருங்க" என்றார் மாமியார்.

"நீங்க இருங்க அத்தை. பாருங்க சார், கொக்கி வளைஞ்சிருக்கா? இல்ல. உள்ள நாக்கு தேஞ்சிருக்கா? அதுவும் இல்ல. அடியெல்லாம் ஒரே பக்கம்தான். கதவுல தொங்கறப்ப அடிச்சா இப்படி விழாது. திறந்து, தரைல வச்சு, அப்புறமா அடிச்சிருக்காங்க."

மாமியார் கண்ணால் சைகை காட்டினார், உதட்டைக் கடித்தார், கடைசியில் இருமவும் செய்தார். தொழில் பேச ஆரம்பித்த மனிதருக்கு இருமல் கேட்குமா?

"இது சாவி போட்டுத் திறந்த பூட்டு சார். இதுக்குக் கள்ளச்சாவியும் போட முடியாது. மொத்தமே ரெண்டு சாவி. ஒண்ணு என் பையில இருக்கு. இன்னொண்ணு..."

அங்கேதான் நிறுத்தினார். கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டர், பூட்டுக்காரர் மூன்று பேரும் மாமியாரின் இடுப்பைப் பார்த்தார்கள். இன்னொன்று அங்கே தொங்கியது.

"இவருக்கு வாயை மூடத் தெரிஞ்சிருந்தா எப்பவோ ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றார் மாமியார். எழுந்து போய், தன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியைக் காலால் வெளியே இழுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா இப்படி?"

"திருட்டுப் போன வீட்ல இவர் கை இருக்குன்னுதானே நிறுத்தி வச்சிருக்கீங்க? இவர் வீடே திருட்டுப் போனா? எவனும் சொந்த வீட்லயே திருட மாட்டான்ல. அது உங்களுக்கு எழுத ஒரு காரணமாகட்டும்னு பாத்தேன்."

"பொய்ப் புகார் குடுத்தா அதுக்கே கேஸ் உண்டு தெரியுமா? உங்க பேர்ல ஒரு கேஸ் எழுதினேன்னு வைங்க, வந்த அனுமதியும் போயிடும். பேத்தியைப் பாக்கவே முடியாது."

பூட்டுக்காரருக்குத் தன் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது. மனைவிக்கு என்ன பதில் சொல்வார்? ஒரு பூட்டின் மானத்தைக் காப்பாற்றப் போய், உங்கம்மாவை மாட்டிவிட்டேன் என்றா?

"சார், எழுதிடாதீங்க. அவங்க வயசானவங்க. எல்லாம் என்னாலதான். நான் போகாட்டியும் பரவால்ல, அவங்களை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் அவரைக் கவனிக்கவில்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குத்தான் எப்பவோ வந்துடுச்சே. ஏம்மா இன்னும் போகல? முழங்காலா?"

"முழங்காலுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு" என்றார் மாமியார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. "சார், நான் தனியா அங்க போய் இறங்கறேன்னு வைங்க. என் பொண்ணு குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா. என்னைப் பாத்து சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே எனக்குப் பின்னாடி எட்டிப் பார்ப்பா. இவர் வரலைன்னு அவளுக்குத் தெரியும், இருந்தாலும் பார்ப்பா. அந்த முகத்தை என்னால பாக்க முடியாது. அதான் போகல."

கான்ஸ்டபிள் திறந்து கிடந்த பீரோவை மெதுவாகச் சாத்தினார். பூட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முழங்கால், குளிர், ஜன்னல் என்று தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட சாக்கெல்லாம் தனக்காகத்தான் என்று நினைக்க அவருக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இந்த முறை மூடியைத் திறந்து மூடவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை முழங்கால்மேல் வைத்து எழுதிவிட்டு, அதே தாலாட்டுக் குரலில் படித்தார்.

"'திருட்டு நடந்த வீடுகளுக்குக் காவல்துறை தாமதமாகச் சென்றது. அதற்கு முன்பே விண்ணப்பதாரர் சென்று புதிய பூட்டுகளைப் பொருத்திவிட்டார். கைரேகைகள் அவ்வாறு பதிந்தவை. இவர் நன்னடத்தை உள்ளவர்.' போதுமா?"

"சார், இது மேல போனா உங்களைக் கூப்பிட்டு..." என்று இழுத்தார் கான்ஸ்டபிள்.

"கூப்பிடட்டும். லேட்டாப் போயிக்கறேன்."

"அப்ப இன்னைக்கு வந்த புகார் சார்?"

"என்ன புகார்? பூட்டு ரிப்பேர். அந்தம்மா பூட்டுக்காரருக்குப் பண்ண வேண்டிய போனை நமக்குப் பண்ணிட்டாங்க."

ஜீப் தெரு முனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு உள்ளே வந்து, தரையில் கிடந்த துணிகளைப் பூட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க, மாமியார் மடித்து வைத்தார். கடைசித் துணியை நீட்டியபடி பூட்டுக்காரர் சொன்னார்.

"அத்தை, மாசக் கடைசிக்குள்ள எனக்கும் பச்சை வந்துடும். அங்க இறங்கினதும் நீங்க முதல்ல வெளிய போங்க. உங்க பொண்ணு உங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு. நான் பெட்டியைத் தள்ளிக்கிட்டுப் பின்னாடி வர்றேன்."

மாமியார் கையிலிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பெட்டியை நான் தள்ளறேன். நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை. அவ எட்டிப் பாக்க வேணாம்."