மூன்று பெற்றவர்கள் எழுந்து நிற்கவும்

...ஜப்பானில் பிள்ளைகளே குறைந்துபோய்விட்டார்களாம், கொரியாவில் ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட முழுசாகத் தேறவில்லையாம், ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் ஆறாம், திரையில் பச்சைக் கோடு ஏறுகிறது, சிவப்புக் கோடு இறங்குகிறது, பக்கத்தில் நின்று தெலுங்கில் பொழிந்துகொண்டிருக்கும் இந்த அதிகாரிக்கு முப்பது வயது இருக்குமா, மீசையே சரியாக முளைக்கவில்லை, இவன் சொல்லித்தான் நாம் பெற வேண்டுமா என்று முனிகிருஷ்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுசாக இல்லாத பிள்ளை என்றால் என்ன, கையும் காலும் மட்டும் பிறக்குமா... வடமாலபேட்டையிலிருந்து பஸ் வைத்துத் திருப்பதிக் கல்யாண மண்டபத்துக்கு அள்ளிக்கொண்டு வந்து, ஏசியில் உட்காரவைத்து, கொரியாக்காரி பெறாத குறைக்கு வடமாலபேட்டைக்காரி பெற வேண்டுமாம். பக்கத்தில் பெண்டாட்டி அம்சவேணி கண்கொட்டாமல் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவளுக்கு என்ன புரியும், பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று யோசிப்பாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கூட்டம், வேறு ஒருவன், வேறு படம், இரண்டுக்கு மேல் பெற்றவன் நாட்டையே தின்கிறான் என்றான். இரண்டுக்கு மேல் பெற்றால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டமே இருந்தது, அந்த நேரம் பார்த்துத்தானே, சுஷ்மிதாவும் சீனுவும் போதும் என்றிருந்தபோது, மூன்றாவது வந்து வயிற்றில் உட்கார்ந்தது. சர்பஞ்ச் ஆசை, ஊர்த்தலைவர் நாற்காலி ஆசை யாரை விட்டது... மஞ்சள்காமாலை, பத்தியம் என்று ஊருக்குச் சொல்லி, அம்சவேணியைக் கங்காதர நெல்லூரில் தன் தங்கை மணியம்மா வீட்டுக்கு அனுப்பினான், அங்கே பிறந்த ஹரிதாவை மணியம்மா பெற்றதாகவே பதிந்தார்கள், பிள்ளையில்லாத மணியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மார்பில் மல்லிகைப்பூவைக் கட்டிப் பாலை வற்றவைத்துக்கொண்டு அம்சவேணி வெறுங்கையோடு திரும்பினாள், ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை, அதனாலேயே அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். நாற்பத்தொரு ஓட்டில் தோற்றான். ஹரிதா அவனை மாமா என்கிறாள்.

போன வருஷம் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள், வெட்கம் கெட்டவர்கள். இப்போது வந்திருக்கும் வினையோ கிருஷ்ணப்பா, மணியம்மா புருஷனின் அண்ணன், அந்தப் பக்கம் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறான். அத்தை மகள் உரிமைப் பெண்ணாம், ஹரிதாவைச் சீனுவுக்கே முடிக்க வேண்டுமாம், கூட்டம் முடிந்ததும் நாள் குறிக்க வேண்டுமாம்... அண்ணனுக்கும் தங்கைக்குமா தாலி, அட அறிவு கெட்டவனே என்று கத்தவா முடியும், உண்மை தெரிந்தவர்கள் நான்கே பேர், பெண் கையை விட்டுப் போய்விடுமோ என்று மணியம்மாவும் அவள் புருஷனும் வாயே திறப்பதில்லை. பையனுக்கு இஷ்டமில்லை என்று ஒரு மாதமாக இழுத்தாயிற்று, இன்னும் எத்தனை நாள் இழுப்பது.

மூன்று பிள்ளை பெற்ற தாய்மார்கள் எழுந்து நிற்க வேண்டும், சால்வை போர்த்தப்போகிறோம் என்றான் அதிகாரி. நான்கைந்து கிழவிகள் எழுந்தார்கள். பிறகு அம்சவேணி எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தவன், அவள் அங்கேயே நிற்பதைப் பார்த்து முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னா பண்ற நீ, குந்து."

அவள் உட்காரவில்லை. உங்களுக்கு இரண்டுதானே அம்மா என்று கிருஷ்ணப்பா சிரித்தான். அதற்குள் மைக் வந்துவிட்டது, பிள்ளைகளின் பெயர் கேட்டார்கள், மூத்தவள் சுஷ்மிதா, அடுத்தவன் சீனு என்று நிதானமாகச் சொன்னவள் மைக்கை முனிகிருஷ்ணன் பக்கம் நீட்டினாள்.

"மூணாவது பேர நீயே சொல்லு. இருவது வருசம் நான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

மண்டபமே திரும்பிப் பார்க்கிறது, கிருஷ்ணப்பாவின் பல்குச்சி பாதியில் நின்றுவிட்டது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கிருஷ்ணப்பா நாள் குறிப்பான்... எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சட்டத்தால் என்று வழக்கம்போல் மனசுக்குள் வைய ஆரம்பித்தான், ஆனால் பாதியிலேயே தடுக்கியது. பிள்ளையைக் கொடு என்று அந்தச் சட்டம் எங்கே சொன்னது? தேர்தலில் நிற்காதே என்றுதானே சொன்னது... நிற்காமலே இருந்திருக்கலாம் என்பது இந்த இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றியதில்லை.