நடுவில் நின்ற முள்

அக்காவின் வலது கையில் கட்டுப் போட்டு இருபது நாளாகியும் மாமாவின் வாய் ஓயவில்லை.

“முள்ளைப் பாக்கத் தெரியாதவ கையில வண்டியைக் குடுத்தது என் தப்பு,” என்றார் அன்றைக்கும். வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, கார் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மச்சினிக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வண்டி எலக்ட்ரீசியன்; பதினோரு வருடமாகப் பழைய கார்களின் ஒயர்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவள். அக்கா ஓட்டிப்போன கார் நடுச்சாலையில் ஆவி கக்கி நின்ற அன்று அவள் வெளியூரில் இருந்தாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் நடுவில்தானே இருக்கிறது, தண்ணீர்தான் குறைந்திருக்கும் என்று நினைத்து அக்கா ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறாள். கொதிநீர் பீய்ச்சியடித்து, மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது.

“முள் நடுவுலதான் இருந்துச்சு, நான் பாத்தேன்” என்று முதல் இரண்டு நாள் சொன்னாள் அக்கா. மாமா போட்ட போட்டில் மூன்றாம் நாள் அது “சரியாப் பாக்கலையோ என்னமோ” என்றாயிற்று. அதற்குப் பிறகு தொட்டதற்கெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது.

தங்கை மட்டும் அக்காவை நம்பினாள். சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சார்தான் செத்திருக்க வேண்டும். கசிந்த ரேடியேட்டரை ஒர்க் ஷாப்பில் மாற்றிவிட்டார்கள். இவள் கடை கடையாக ஏறியிறங்கி ஒரு சென்சாரை வாங்கி வந்திருந்தாள். ஆனால் புதுசின் பிளக் இந்தப் பழைய வண்டியில் உட்காராது. ஒயரை வெட்டி வேறு பிளக்கைப் பற்றவைத்தாக வேண்டும்.

“சென்சார் நல்லாத்தான் இருக்கு. எதுக்குக் கையை வைக்கிற? சாயங்காலம் வண்டியை விலைக்குப் பாக்க ஆள் வருது.”

“வரட்டும் மாமா. முள் ஒழுங்கா வேலை செஞ்சா உங்களுக்குத்தானே நல்லது?”

பழைய சென்சாரின் பிளக்கை உருவினாள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். பிளக் கழன்று கிடந்தால் முள் அடியில் படுத்திருக்க வேண்டும். திருப்பினாள். முள் ஜம்மென்று எழுந்து நடுவில் நின்றது. எஞ்சின் ஜில்லென்று கிடக்கிறது. சென்சாரோ இணைப்பிலேயே இல்லை.

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். மற்றதெல்லாம் தூசி அப்பிக் கிடக்க, ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு இடத்தில் பளபளவென்று புது டேப். பிரித்தாள். சென்சாருக்குப் போகும் ஒயரை யாரோ வெட்டியிருந்தார்கள். மீட்டர் பக்கத்து முனையில் ரெசிஸ்டர் என்கிற அரிசியளவு மின்தடை ஒன்றை முறுக்கி, அதன் மறுமுனையைக் காரின் இரும்பில் திருகியிருந்தார்கள். எஞ்சினே பற்றியெரிந்தாலும் முள் நடுவை விட்டு அசையாது.

ரெசிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

“யார் வேலை மாமா இது?”

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. “ஒர்க் ஷாப்காரன் ஏதாவது பண்ணியிருப்பான்.”

“போன் போடுங்க. நான் கேக்குறேன்.”

“கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்!”

மாமா குரலைத் தாழ்த்தினார். “வண்டி அப்பப்போ சூடாச்சு. வாங்க வர்றவன் முள்ளைப் பாத்தா விலையை அடிப்பான். விக்கிற வரைக்கும்தானேன்னு... இவ அவ்ளோ தூரம் போவான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

“ஆஸ்பத்திரியிலேருந்து உங்க அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனா! சாவியை எடுத்துக் குடுத்ததே நீங்கதானே?”

ஸ்பேனரை முன்கண்ணாடியில் விட்டெறிந்தால் என்ன என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. அக்கா எப்போது படியிறங்கி வந்தாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. வந்தவள் இடது கையை நீட்டினாள். தங்கை ரெசிஸ்டரை அதில் வைத்தாள்.

“அப்போ நான் சரியாத்தான் பாத்திருக்கேன்,” என்றாள் அக்கா.

“கெளம்புக்கா. என் வீட்டுக்குப் போலாம்.”

“எதுக்கு? இது என் வீடு. நீ சென்சாரை மாட்டு.” பிறகு கணவரிடம் திரும்பினாள். “வண்டி பாக்க வர்ற ஆளுக்குப் போட்டு, போனைக் குடுங்க.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்...”

“குடுங்க.”

கொடுத்தார். “வண்டிக்காரர் சம்சாரம் பேசுறேங்க. எஞ்சின் ஒரு தடவை கொதிச்சிருக்கு. சூடு தெரியக்கூடாதுன்னு என் வீட்டுக்காரர் முள்ளை அசையாம பண்ணி வெச்சிருந்தாரு. இதுக்கப்புறமும் வேணும்னா வாங்க.”

“என் மானத்தை வாங்கிட்டியேடி!” என்றார் மாமா. அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஆத்திரத்தில் தங்கையின் முதல் பற்றவைப்பு பிசகியது. வெட்டியெறிந்துவிட்டு ஒயரை மறுபடி சீவினாள். வெட்டுப்பட்ட இடத்தை இணைத்து, புதுப் பிளக்கையும் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் உறையை இழுத்துச் சூடு காட்டிச் சுருக்கினாள். எஞ்சினை ஓடவிட்டதும் முள் அடியிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. ஃபேன் சுழன்றதும் கொஞ்சம் இறங்கியது.

வண்டி பார்க்க யாரும் வரவில்லை. கட்டுப் பிரித்த பிறகு அக்கா அதே காரில்தான் வேலைக்குப் போகிறாள். சாவி அவள் பையில் இருக்கிறது. மாமா பஸ்ஸில் போகிறார்.

ஒரு மாதம் கழித்து மாமா மச்சினியின் கடை வாசலில் வந்து நின்றார். “நடந்தது நடந்துபோச்சு. நீ மனசுல வெச்சுக்காத.”

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

“அவளுக்குத் தெரியாதா என்ன?”

“அவகிட்டப் போய் உங்க வாயால சொல்லுங்க மாமா. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?” என்றாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு, நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். அவருடைய செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அது நகர்கிற வரைக்கும் அவள் வெளியே வரவில்லை.