மூவாயிரத்து இருநூறு அடியில் பல் டாக்டர்

பெரியோர்களே, தாய்மார்களே என்று மைக்கைத் தட்டிப் பார்த்துத் தொடங்க வேண்டிய அளவுக்கு மகத்தான ஓர் அறிவிப்பு இது. மனித குலம் கைவேலையைச் சற்றுக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கக் கடவது. ஊர்ப் பறத்தல் கழகத்தின் மூத்த உறுப்பினரான பல் டாக்டர் ஒருவர், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மூவாயிரத்து இருநூறு அடி உயரத்தில் கிளைடரின் பின்னிருக்கையை விட்டு நீங்கி அங்கேயே தங்கிவிட்டார். விழவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். கிளைடர் மட்டும் போய்விட்டது. கழகத்தின் பதிவேட்டில் 'ஏறியவர் இருவர், இறங்கியவர் ஒருவர்' என்று எழுதி, குறிப்புக்கான கட்டத்தில் 'வானம் தெளிவு' என்று போட்டிருக்கிறார்கள்.

முன்னிருக்கையில் இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்களை மேலே அனுப்பிக் கீழே இறக்குவது அவருடைய பிழைப்பு. ஏழாம் நாள் தானே போய் வருவார். டாக்டரோடு பதினெட்டு வருடப் பழக்கம். அதை யாராவது நட்பு என்று சொல்லியிருந்தால் இருவருமே முகத்தைச் சுளித்திருப்பார்கள். கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. நீண்ட கம்பியால் இழுத்து மேலே விட்டுவிடுவார்கள்; அதற்குப் பிறகு சூடான காற்று எங்கே எழும்புகிறதோ அங்கே செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றித்தான் உயரம் சேர்க்க வேண்டும். இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை. பதினெட்டு வருடம் ஓடியதற்கு அதுதான் காரணம் என்பது டாக்டர் மனைவியின் கருத்து. இருவர் முன்னாலும் ஆளுக்கொரு பிடி இருக்கும். கை வலித்தால் 'உன் கையில' என்று சொல்ல வேண்டும். மற்றவர் 'என் கையில' என்று பதில் சொன்ன பிறகுதான் பிடியை விட வேண்டும். கழகத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டாக்டர் தரையிறக்குவது கடைவாய்ப்பல் பிடுங்குவதுபோல இருக்கிறது என்று மூன்று வாரம் முன்பு மெக்கானிக் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அதனால் மேலே போனபின் அவசியமான வார்த்தைகள் மட்டும்தான். பத்தே முக்காலுக்கு டாக்டர் 'உன் கையில' என்றார். மெக்கானிக் 'என் கையில' என்றார். கால் மணி கழித்துத் தோள் கடுத்தபோது, மெக்கானிக் 'உன் கையில' என்றார். பதில் வரவில்லை. கோபத்தில் இருக்கிறான், வாயைத் திறக்க மாட்டான் என்று நினைத்து, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகப் பதிலுக்குக் காத்திராமல் பிடியை விட்டுவிட்டார்.

நாற்பது நிமிடம் யாரும் ஓட்டாமல் கிளைடர் பறந்தது. ஓட்டுவதற்கு யாரும் இல்லை என்பதால் அது யாருடனும் மல்லுக்கட்டவில்லை. இறக்கை நுனிக்கு ஒரு முழத் தூரத்தில் ஒரு பருந்து வந்து சேர்ந்துகொண்டது. அதுவரை மெக்கானிக்குக்குப் பருந்து என்றால் ஒரு கருவி. காற்று எங்கே ஏறுகிறது என்று காட்டும் முள். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு முகமும், அந்த முகத்தில் ஓர் அலுப்பும் இருப்பதைப் பார்த்தார். கீழே யாரோ புதிதாக உழுத மண்ணின் வாசனை அத்தனை உயரத்துக்கும் ஏறி வந்தது. காய்ந்த புல் துணுக்குகளும், நூலில் தொங்கியபடி ஊர் மாறும் சிலந்திகளும் அவரைக் கடந்து மேலே போயின. பின்னாலிருப்பவன் இவ்வளவு நன்றாக ஓட்டுவான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இறங்கும் நேரம் வந்ததும் பிடியை வாங்கி இறக்கினார். சக்கரம் நின்றதும், திரும்பிப் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு நல்லா ஓட்டின."

வாழ்நாளில் அவர் அந்த மனிதரைப் பாராட்டிய ஒரே தடவை அது. பின்னிருக்கையில் பெல்ட் பூட்டியது பூட்டியபடி இருந்தது.

கழகத் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டி ஒன்றரை மணி நேரம் பேசினார். வான்வெளியில் மானுடம் பதித்த தடம் என்று தொடங்கி, உறுப்பினர்கள் இனிமேல் தரையில் மட்டுமே இறங்க வேண்டும் என்ற தீர்மானத்தில் முடித்தார். அதற்குள் மெக்கானிக் இன்னொரு தடவை மேலே போய் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். தேடவே வேண்டியிருக்கவில்லை, விட்ட இடத்திலேயே இருந்தார், முட்டியில் கை வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. கிளைடரால் நிற்க முடியாது. ஒரு வட்டம் சுற்றி வர அரை நிமிடம் ஆகும். பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வட்டத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேச முடியும்.

முதல் வட்டத்தில் மெக்கானிக், "என்னடா பண்ணிட்டிருக்க?" என்றார். அடுத்த வட்டத்தில் பதில் தயாராக இருந்தது: "ஒண்ணும் பண்ணல." மூன்றாவதில், "சொல்லாம கொள்ளாம போயிட்டியே" என்றார் மெக்கானிக். நான்காவதில் டாக்டர், "சொன்னேன். நீயும் சரின்னு வாங்கிக்கிட்ட" என்றார். ஐந்தாவதில் "இறங்கி வா" என்றதற்கு ஆறாவதில் "எதுக்கு?" என்று கேட்டார். மெக்கானிக் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே பதினொரு வட்டம் சுற்றினார். ஒன்றும் அகப்படாமல் இறங்கினார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது டாக்டரின் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "வீட்ல இருந்தப்பவும் இப்படித்தாண்ணே. உக்காந்த இடம், கூப்பிட்டா காது கேக்காது" என்றவர், ஒரு சிவப்பு ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் ஜன்னல் வழியாக எறிந்ததில் அது இரண்டாம் வீச்சில் போய்ச் சேர்ந்தது. பசியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, பசி கீழேயே நின்றுவிட்டது என்று டாக்டர் தகவல் அனுப்பினார். விமானப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, அவரை வாகனத்தில் சேர்ப்பதா, பறவையில் சேர்ப்பதா, பலூனில் சேர்ப்பதா என்று நான்கு மாதம் கோப்பு நகர்த்திவிட்டு, புகைபோக்கிகளோடு 'நிலையான தடை' என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டார்.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. வட்டத்துக்கு ஒரு வாக்கியம் என்றானதில் ஒரு சௌகரியம் இருந்தது: எந்தச் சண்டையும் அரை நிமிடத்துக்கு மேல் சூடாக இருக்க முடியவில்லை. டாக்டர் தான் பார்த்ததைச் சொன்னார். ஆற்றின் மேல் காற்று கீழே இறங்கும் என்பதைப் பருந்துக் குஞ்சுகள்கூடப் பட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. மேகத்துக்கு அடிவயிறு தட்டையாக இருந்தாலும் உள்ளே ஒரே அல்லாட்டம். மேலிருந்து பார்த்தால் ஊரில் யாரும் எங்கேயும் போவதில்லை, போய்விட்டுத் திரும்பித்தான் வருகிறார்கள். மெக்கானிக் எட்டாம் மாடியில் சிக்கிக்கொண்ட வக்கீலைப் பற்றிச் சொன்னார். வாக்கியங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி மாதங்களில் பேசாமலே இருபது வட்டம் சுற்றிவிட்டு இறங்கியதும் உண்டு. 'எதுக்கு' என்பதற்கான பதிலை மட்டும் அவர் லிஃப்ட் மோட்டார் அறைகளில் கிரீஸ் போட்டபடி தேடிக்கொண்டே இருந்தார். கிளினிக்கில் டாக்டர் இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே திரும்பி வா என்று எந்த முகத்தோடு சொல்வது? இருந்தாலும் அவர் இறங்கி வராவிட்டால், பேசாமல் கூடவே உட்கார்ந்திருக்கத் தனக்குக் கீழே ஆள் இல்லை. பதில் அதுதான் என்று தெரிந்தபோது ஜனவரி ஆகிவிட்டது.

அதே ஜனவரியில் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை வந்தது. மெக்கானிக்கின் இதயம் இரண்டு துடிப்பு துடித்துவிட்டு மூன்றாவதுக்கு யோசிக்கிறது என்றார்கள். மாதக் கடைசியோடு உரிமம் முடிந்தது. அதற்குள் ஒரே ஒரு ஞாயிறு மிச்சம். அன்றைக்குப் பார்த்துக் காற்றுக்கு உயிரே இல்லை. ஓட்டுத் தொழிற்சாலைக் கூரையின் மேல் ஒரு மணி நேரம் தேய்த்துத் தேய்த்து அவர் மூவாயிரத்து இருநூறை எட்டியபோது, ஒரே ஒரு தடவை கடந்து போகத்தான் உயரம் இருந்தது. ஒரு வட்டம்கூட இல்லை, அரை வட்டம். வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது: 'நீ இல்லாம எனக்குக் கீழ முடியலடா, வந்துரு.' ஜன்னலைத் திறந்தார். சிவப்பு ஸ்வெட்டர் நெருங்கி வந்தது. வாயை நன்றாகத் திறந்தார். டாக்டர் பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிப் பல்லு சொத்தை. எடுத்துரு" என்றார்.

அதற்குள் கிளைடர் கடந்துவிட்டது. வாக்கியம் எதிர்க்காற்றில் யாருக்கும் கேட்காமல் போயிற்று. திரும்பி வர உயரம் இல்லை.

பிறகு கழகத் தலைவர் பெருந்தன்மையோடு அவரைப் பின்னிருக்கையில் ஒரு முறை அழைத்துப் போனார். போன இடத்தில், வட்டத்துக்கு ஒரு வாக்கியமாகப் பதினான்கு வட்டம் தானே வாழ்த்துரை வழங்கினார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் அதன்பின் போகவில்லை. ஏழு வருடம் ஆகிறது. பருந்துகள் டாக்டரைச் சுற்றி வழி விலகிப் பறக்கக் கற்றுக்கொண்டன. புதிய விமானிகளுக்கு அவரைக் காட்டி உயரம் கணிக்கச் சொல்லித்தருகிறார்கள். மனைவி கிளினிக்கை ஒரு தையற்காரருக்கு விட்டுவிட்டார். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக எழுந்திருக்கிறார்.

பல்லை வேறொரு டாக்டரிடம் எடுத்துக்கொண்டார். சொத்தைதான்.